உருகிப்போன மூடி

ஐம்பத்திரண்டு வயதில், ஒரு பீர் ஜாடியைத் திறக்கத் தெரியாமல் அதன் மூடியைக் கேஸ் அடுப்பில் உருக்கியவன் நான். ஜாடி என்னுடையதுகூட இல்லை.

மச்சானுடையது. அதாவது என் மனைவியின் அண்ணன். பொம்மனஹள்ளியில் அவர் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்ததால், அந்த ஒன்றை மட்டும் பத்திரமாக இருக்கட்டும் என்று எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்திருந்தார். ஃபேக்டரியில் அவருக்கு மிஷின் ஓட்டக் கற்றுக்கொடுத்த ஜெர்மன்காரர், ஊருக்குத் திரும்பும்போது கொடுத்தது. சாம்பல் நிறம், நீலப் பூ, கைப்பிடியோடு சேர்ந்த உலோக மூடி. அந்த மனிதரின் சொந்த ஊர்ப்பக்கம், வெஸ்டர்வால்ட் என்ற இடத்தில் செய்தது. சூளை தகிக்கும்போது உள்ளே உப்பை வாரிப் போடுவார்களாம். மினுமினுப்பு அதனால் வருவதாம். இதை மச்சான் இருபது தடவையாவது சொல்லியிருக்கிறார். மூடியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அந்த ஜெர்மன்காரர் பல வருஷம் கழித்து பெங்களூர் வந்திருந்தார். பெயிண்ட் வேலையும் முடிந்திருந்ததால், மறுநாள் மச்சான் வீட்டில் அவருக்குச் சாப்பாடு. ஜாடியை எடுத்துப்போக மச்சான் மாலையில் வருவதாக இருந்தது. அதற்குள் ஒரே ஒரு தடவை அதில் பீர் குடித்துப் பார்க்க ஆசைப்பட்டேன். மூடி அசையவில்லை. எவர்சில்வர் டப்பா இறுகிக்கொண்டால் தீயில் லேசாகக் காட்டித் திறப்பது எங்கள் வீட்டு வழக்கம். ஜாடியைக் கவிழ்த்துப் பிடித்தேன். மூடி வெண்ணெய் மாதிரி சரிந்து பர்னரில் சொட்டியது.

மனைவி ஓடிவந்தாள். "ஐயோ, ஈயம்ங்க அது! ஈயச் சொம்ப யாராவது வெறும் தீயில காட்டுவாங்களா?"

"ஜெர்மன்காரன் ஸ்டீல்ல பண்ணியிருப்பான்னு நெனச்சேன்."

"இத அண்ணன்கிட்ட நீங்களே சொல்லுங்க. என்னை இழுக்காதீங்க."

வாசலில் பைக் சத்தம். மூன்று பொய் தயார் செய்தேன். கதவு திறந்ததும் மூன்றும் மறந்துவிட்டன.

"ஓசூர் ரோட்ல டிராஃபிக் ஜாஸ்தி மாப்ள. எங்க, எடுத்து வச்சாச்சா?"

முன்னால் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். மச்சான் கைப்பிடி மேல் மிச்சமிருந்த ஈயக் கட்டியை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். மனைவி வைத்த காபி ஆறியது. திட்டினால் தேவலை என்றிருந்தது.

"நாளைக்கு நீங்களும் வாங்க. அவருகிட்ட நீங்களே சொல்லுங்க."

போனேன். என் இங்கிலீஷில் பாதியும் கையால் அடுப்பு பற்றவைத்துக் காட்டிப் பாதியுமாகச் சொன்னேன். பெரியவர் சிரிக்கவில்லை. ஜாடியைத் திருப்பித் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். விரிசல் இல்லை. தன் ஊரில் ஜாடி சுடுபவர் வேறு, மூடி வார்ப்பவர் வேறு, அந்த இரண்டாவது ஆளைத் தனக்குத் தெரியும் என்றார். தன் ஸ்வெட்டரில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டார்.

கார் தெருமுனை திரும்பும்வரை மச்சான் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மாப்ள. புது மூடி போட்டு வந்தாலும், இனிமே அது உங்க வீட்டுக்கு வராது."