அரக்கு இழை சுற்றிய கால்

2024 ஆகஸ்ட் 16, வெள்ளி. ஐந்தேகாலுக்கு எழுந்தேன். வாசல் தெளித்துக் கோலம் போட்டேன். ஆறரைக்குக் காபி. ஏழு மணிக்கு என் கணவர் தறியில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் ராட்டையில் ஊடை நூல் சுற்றினேன். பத்து மணிக்குத் தறியடியில் கிடந்த அறுந்த பட்டிழைகளைப் பொறுக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். எங்கள் வீட்டில் பட்டைக் குப்பையில் போடுவதில்லை. யார் காலிலும் மிதிபடக் கூடாது. அதனால் ஆள் நடமாட்டமில்லாத மொட்டைமாடி மூலையில் போட்டுவிடுவோம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து செய்கிறேன்.

தண்ணீர்த் தொட்டி நிழலில் ஒரு புறா ஒதுங்கியிருந்தது. கிட்டே போனேன், பறக்கவில்லை. முந்தானையால் மூடித் தூக்கிப் பார்த்தேன். இரண்டு கால்களையும் சேர்த்து இழை சுற்றியிருந்தது. வலது காலில் இறுகித் தோலுக்குள்ளேயே இறங்கிவிட்டது. அரக்கு நிறம்.

இப்போது தறியில் ஓடுவது கிளிப்பச்சை. கீழே வந்து டைரியைப் புரட்டினேன். அரக்குச் சேலையை நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுத்தது ஜூன் 9. அதற்குப் பிறகான அறுபத்தெட்டு நாளில் என்றைக்குச் சிக்கியதோ, தெரியாது.

"என்னா கையில?" என்றார் அவர்.

"புறா. கால்ல நம்ம நூலு. கொஞ்சம் வந்து புடிங்க."

"தறிய வுட்டுட்டு புறா புடிக்கணுமா? ஊர்ல எத்தினியோ புறா இருக்குது."

"இருக்குது. இது கால்லதான் நம்ம நூலு இருக்குது."

முணுமுணுத்துக்கொண்டே எழுந்து வந்தார். துண்டால் சிறகோடு சேர்த்துப் பிடித்தார். காலை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்தேன். ஊசி முனையால் இழையைத் தூக்கித் தூக்கிச் சின்னக் கத்தரியால் நறுக்கினேன்.

"இழுக்காதம்மா, மெதுவா."

"இருவத்தாறு வருசமா இதையே சொல்லிக்கினு இருக்கீங்க. பேசாம புடிங்க."

முடிக்கும்போது பதினொன்றே முக்கால். இடது கால் பிழைத்தது. வலது காலின் நடுவிரல் கறுத்துக் காய்ந்திருந்தது. கடைசி இழையோடு அதுவும் கையில் வந்துவிட்டது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது, கண் எரிந்தது. அழுகை வரவில்லை, உட்கார்ந்துவிட வேண்டும்போல் இருந்தது.

கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். மருந்து தடவி இருட்டான பெட்டியில் வைக்கச் சொன்னார்கள். காலைவரை தின்னாவிட்டால் கொண்டுவரச் சொன்னார்கள். அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டுப் பழைய துணி விரித்து, கம்பும் தண்ணீரும் வைத்தேன். இரண்டு மணிக்குப் பார்த்தேன், தின்னவில்லை. ஆறு மணிக்கும் தின்னவில்லை. அப்படியே எழுதிவைத்தேன்.

மறுநாளும் ஐந்தேகால். பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். உள்ளே அட்டையில் டக் டக்கென்று கொத்தும் சத்தம். திறக்கவில்லை. வாசல்கூடத் தெளிக்காமல் ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு மாடியேறி, மூலையில் குந்தி இழைகளைப் பொறுக்க ஆரம்பித்தேன். மேலே கிளிப்பச்சை, அதன் கீழே அரக்கு, அதற்கும் கீழே எந்தச் சேலையுடையது என்று எனக்கே நினைவில்லாத நிறங்கள்.