டோக்கன் அக்காவுக்கு ஒரு டோக்கன்

பல் டாக்டரின் கிளினிக்கில் பதினேழு வருடமாகப் போனை எடுத்து நேரம் ஒதுக்கிக் கொடுப்பவளுக்கு ‘டோக்கன் அக்கா’ என்று பெயர் விழுந்துவிட்டது. கன்னம் வீங்கி அழுகிறவர்களைக்கூட இனிக்க இனிக்கப் பேசி அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிடுவாள்.

அப்படிப்பட்டவளுக்கு மூன்று மாதமாகத் தூக்கமில்லை. காரணமே இல்லாமல் அழுகை வந்தது. எக்ஸ்ரே அறைக்குள் போய் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வருவாள். ஒருநாள், ஒரு பல்கூட மிச்சமில்லாத பெரியவருக்குப் பல் அடைக்க நேரம் எழுதிவைத்தாள். அன்றைக்குத்தான் அவளுக்கே பயம் வந்தது.

வழக்கமாகப் பார்க்கும் குடும்ப டாக்டர், மனநல மருத்துவரைப் பார்ப்பது நல்லது என்று ஒரு கடிதமும் மூன்று போன் நம்பரும் எழுதிக் கொடுத்தார். மாடியில் குடியிருக்கும் நாத்தனார் காதுக்கு மட்டும் இது எட்டக் கூடாது என்று புருஷனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். நாத்தனாருக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்த மாதிரி.

முதல் நம்பரில் டயர் கடைக்காரர் எடுத்தார். இரண்டாவது டாக்டர் குழந்தைகளை மட்டும் பார்ப்பவர். மூன்றாவதில் எடுத்த பெண் தேன் ஒழுக, “ரெண்டு மாசம் ஆகும்ங்க” என்றாள். டோக்கன் அக்காவுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. இத்தனை வருடமாக அவள் பேசிய அதே பேச்சு.

“யாராவது வரலைன்னா என்னைக் கூப்பிடும்மா. அரை மணியில வந்துடுவேன்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. எவ்வளவு கஷ்டமா இருக்கு உங்களுக்கு? பத்துக்கு எத்தனை சொல்வீங்க?”

கூச்சத்தில் “ரெண்டு” என்றாள். ரெண்டு என்பவர்களை எந்த மாதத்துக்குத் தள்ளுவார்கள் என்பது அவளுக்குத் தெரியாதா? தொண்டையைச் செருமிக்கொண்டு, “இல்லம்மா, ஏழு” என்றாள். சொன்னதும் கண் நிறைந்துவிட்டது. அந்தப் பெண், உயிரை விட்டுவிடலாம் என்று எண்ணம் வருகிறதா என்று மெதுவாகக் கேட்டாள். அப்படியெல்லாம் இல்லை என்றாள் இவள். வியாழக்கிழமை பதினொன்றரைக்கு ஒருவர் வரவில்லையாம். அந்த இடம் இவளுக்குக் கிடைத்தது.

அடுத்தது லீவு. வேறெங்கே வேலை பார்த்தாலும் பல்வலி என்று சொல்லிக் கழன்றுகொள்ளலாம். இங்கே அதற்கும் வழியில்லை. உண்மையைச் சொன்னாள். பல் டாக்டர் தலையாட்டிவிட்டு, அன்று போனைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பார்த்துக்கொண்டு ஒரே நேரத்துக்கு நான்கு பேரை வரச்சொல்லிவிட்டார் என்பது வேறு கதை.

வியாழக்கிழமை அந்த மருத்துவமனைக்குள் நுழைந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். மூலை நாற்காலியில், மடியில் ஃபைலோடு, நாத்தனார்.

கொஞ்ச நேரம் இருவரும் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்கள். நாத்தனார்தான் முதலில் கைப்பையை எடுத்துப் பக்கத்தில் இடம் விட்டாள்.

“உக்காருங்க அண்ணி. நான் ரெண்டு வருஷமா வரேன். அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க. நல்ல டாக்டர். எல்லாத்தையும் சொல்லுங்க, பாதியை முழுங்கிடாதீங்க.”

முழுங்காமல்தான் சொன்னாள், நாற்பது நிமிடம் ஆயிற்று. ஒரு ரத்தப் பரிசோதனை, ஒரு மாத்திரை, இரண்டு வாரம் கழித்து மறுபடி வரவேண்டும். தூக்கம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. முதலில் மூன்று மணி நேரம், பிறகு ஐந்து என்று தவணை தவணையாக வந்தது.

இப்போது மாதம் ஒருமுறை இருவரும் சேர்ந்தே போகிறார்கள். அண்ணிக்குத் துணையாகத் தங்கச்சி போகிறாளே என்று அவள் புருஷனுக்குப் பெருமை தாங்கவில்லை.