உப்புப் பார்த்த வாய்

என் நோயை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் அல்ல, என் கணவர். ஒரு சித்திரை மத்தியானம் காந்தி மார்க்கெட்டிலிருந்து காய்கறிப் பையோடு ஸ்ரீரங்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்து வந்தேன். வாசலில் நின்றவர் என் காலைப் பார்த்தார்.

"சுமதி, இன்னொரு செருப்பு எங்க?"

பஸ்ஸிலேயே கழன்றிருக்கிறது. கொதிக்கிற தார் ரோட்டில் அவ்வளவு தூரம் ஒற்றைச் செருப்போடு வந்திருக்கிறேன், இடது பாதத்துக்குச் சுடவே இல்லை. இரண்டு பேரும் சிரித்தோம். பாதத்தைத் திருப்பிப் பார்த்தபோது கொப்புளித்திருந்தது.

ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி) எகிறியிருந்தது. நியூரோபதி (நரம்புகள் உணர்வை இழப்பது) பாதத்தில் தொடங்கிவிட்டதாம். "எடையக் குறைங்கம்மா. சர்க்கரையும் இறங்கும், காலையும் காப்பாத்திக்கலாம்" என்றார் டாக்டர். எங்களுடையது சின்ன மெஸ். அறுபது பேருக்கு மத்தியானச் சாப்பாடு. நான் நின்று சமைப்பேன், இவர் பரிமாறுவார். கால் போனால் மெஸ்ஸும் போச்சு.

ஒரு மாதம் வயிற்றைக் கட்டினேன். காலையில் இரண்டு இட்லி, மத்தியானம் ஒரு கரண்டி சோறு, நிறையக் காய். எடை அரை கிலோகூட அசையவில்லை. உணவு ஆலோசகர் என் மகள் வயதுப் பெண். சாப்பிட்டதையெல்லாம் நான் எழுதிக்கொண்டு போன நோட்டைப் புரட்டினாள்.

"வேற எதுவும் சாப்பிடலையாம்மா?"

"சத்தியமா இல்லம்மா."

அவள் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து இவரிடம் அழுதேன். கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்: "உப்புப் பாக்குறியே, அத எழுதுனியா?"

"அது சாப்பாடாங்க?"

மறுநாள் அடுப்பு மேடையில் ஒரு சொம்பை வைத்தார். வாயில் போடும் ஒவ்வொரு முறையும் அதே அளவு சொம்பிலும் போட வேண்டும். உள்ளங்கையில் ஊற்றி நக்கிய சாம்பார், கூட்டு, விண்டு பார்த்த வடை, இனிப்புப் பார்த்த பாயசம். ஒரு மணிக்கெல்லாம் சொம்பு நிரம்பிவிட்டது. அவமானத்தில் சொம்பைத் தட்டால் மூடினேன்.

உங்களுக்கும் இப்படி ஒரு சொம்பு இருக்கலாம். பிள்ளை மிச்சம் வைத்த தோசையோ, டீயோடு உள்ளே போகும் பிஸ்கட்டோ. கண்ணால் பார்க்கும்வரை நான் நம்பவில்லை.

"உப்புப் பாக்காம எப்படிங்க சமைக்கிறது?"

"படையலுக்குப் பாத்தா சமைக்கிற?"

ஆடிப்பெருக்குக்கும் பொங்கலுக்கும் சாமிக்குப் படைக்கும்வரை எதையும் நான் வாயில் வைத்ததில்லை. கை அளவுதான், உப்பு தப்பியதும் இல்லை. அன்று முதல் மெஸ் சமையலும் அப்படியே. கடைசியில் இவர் மட்டும் ஒரு சொட்டுப் பார்ப்பார்.

அதன் பிறகுதான் பசியைப் பிரித்தறியப் பழகினேன். பதினொரு மணிக்கு வாய் நமநமவென்று இருக்கும். அது வாயின் ஆசை, வெங்காயம் நறுக்கி முடிப்பதற்குள் போய்விடும். வயிற்றுப் பசி போகாது. அதற்கு வெள்ளரிக்காயும் மோரும். கை நடுங்கி வியர்த்தால் இரண்டுமே இல்லை, தாழ்சர்க்கரை (ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குவது). ஒருமுறை வீராப்பாகப் பொறுத்துக்கொண்டு அடுப்படியிலேயே சரிந்துவிட்டேன். இவர் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார். டாக்டர் திட்டிவிட்டு மாத்திரையைக் குறைத்தார். அந்த நடுக்கத்தை மட்டும் பொறுத்துக்கொள்ளாதீர்கள்.

ஏழு மாதத்தில் ஒன்பது கிலோ குறைந்தது. பாதத்தின் மரப்பு போகவில்லை, மேலே ஏறவும் இல்லை. தினமும் சாயங்காலம் இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் பாதத்தைத் திருப்பிப் பார்க்கிறார்.

முன்பெல்லாம் நான் சாப்பிட உட்காரும்போது பசியே இருக்காது. இப்போது பதினொரு மணிக்கும் நான் சாப்பிட உட்காரும் இரண்டரைக்கும் நடுவே எவ்வளவு நேரம் இருக்கிறது என்று தெரிகிறது. போன வாரம் எல்லோரும் போன பிறகு தட்டோடு உட்கார்ந்தேன். முதல் வாய் சாம்பாரிலேயே தெரிந்துவிட்டது.

"உப்புக் கம்மியா இருக்கே. நீங்க பாத்தப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா, போட்டுட்டு நீ மறுபடி வாயில வச்சுப் பாப்ப."

அடுத்த வாய் எடுத்தேன்.