கார் நிக்கோபார் ஜெனரேட்டர்

அந்தமானில் அரசு சுகாதார ஆராய்ச்சிப் பிரிவுக்கு நான்தான் தலைமை. எந்தத் தீவில் எந்த நோயை ஆராய்வது என்று ஆண்டுதோறும் திட்டம் போட்டு டெல்லிக்கு அனுப்புவது என் வேலை. கார் நிக்கோபாரில் எடுக்கும் ரத்த மாதிரிகளை, போர்ட் பிளேர் கப்பல் வரும்வரை ஃப்ரீசரில் வைத்திருக்க வேண்டும். அங்கேயோ கரண்ட் போகாத நாளில்லை. ஃப்ரீசருக்கு ஒரு ஜெனரேட்டர் வேண்டும் என்று ஒவ்வொரு திட்டத்திலும் கேட்டேன். "அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்றே பதில் வரும்.

ஒருமுறை டெல்லியிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் நேரில் பார்க்க வந்தார். காலையில் ஹெலிகாப்டரில் அவரைக் கார் நிக்கோபாருக்கு அழைத்துப் போனேன். மாலையே திரும்புவதாக ஏற்பாடு. மழை பிடித்துக்கொண்டது, ஹெலிகாப்டர் வரவில்லை. கப்பல் வரும்வரை எங்கள் கெஸ்ட் ஹவுஸில் மாட்டிக்கொண்டார். கரண்ட் போகும்போதெல்லாம் புழுக்கம் தாங்காமல் வெளியே வந்து, "இங்கே மனுஷன் எப்படி இருப்பான்?" என்று என்மேல் எரிந்து விழுந்தார். கெட்டுப்போன மாதிரிகளைக் காட்டினேன். தலையாட்டினார், அவ்வளவுதான்.

அவர் ஊர் திரும்பிய கையோடு ஜெனரேட்டருக்கு அனுமதி வந்தது. கெஸ்ட் ஹவுஸுக்கு! ரத்தம் கெட்டால் பரவாயில்லை, துரைக்கு வியர்க்கக் கூடாது. எனக்கு வந்த ஆத்திரத்தில் வேலையை உதறியிருப்பேன். அதற்குப் பதிலாக ஃப்ரீசரைத் தூக்கிக் கெஸ்ட் ஹவுஸுக்குள் வைக்கச் சொன்னேன். அப்புறம் ஒரு மாதிரிகூடக் கெடவில்லை.

நடு அந்தமானில் ரங்கத் என்ற ஊரில் இருக்கும் எங்கள் ஃப்ரீசருக்கும் இதே கரண்ட் தொல்லைதான். இந்த ஆண்டுத் திட்டத்தில் அங்கே ஜெனரேட்டர் கேட்கவில்லை. கெஸ்ட் ஹவுஸ் கேட்டிருக்கிறேன்.