ஏலத்தோட்ட அதிபர் கூலியாள் ஆன வழக்கு

போடியில் ஒருவர் முதலாளி ஆவதற்கு மூன்று ஏக்கர் போதும். அது சொந்தமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஏலக்காய் கிலோ நாலாயிரத்தைத் தாண்டிய 2019இல், தங்கபாண்டி மலைக்கு மேலே கேரளத்துப் பூப்பாறைப் பக்கம் மூன்று ஏக்கர் தோட்டத்தைக் குத்தகைக்குப் பிடித்தார். அதுவரை பிறர் தோட்டங்களில் கங்காணியாக இருந்தவர். மனைவி சோலையம்மாளின் நகைகளை அடகு வைத்தும் குத்தகைப் பணம் தேறவில்லை. அந்த நேரத்தில்தான் கிரெடிட் கார்டு ஏஜெண்டு ஒருவர் தேடி வந்தார்.

"தொழில் என்னன்னு போடட்டும்ணே?"

"ஏல விவசாயம்னு போடுங்க."

"விவசாயின்னா லிமிட்டு ஏறாதுண்ணே" என்ற ஏஜெண்டு, 'ஏலத்தோட்ட உரிமையாளர், ஆண்டு வருமானம் பன்னிரண்டு லட்சம்' என்று தாமே நிரப்பிக்கொண்டார். தங்கபாண்டி மறுக்கவில்லை. வாசித்துப் பார்க்க நன்றாக இருந்தது.

ஒரு கார்டு, மூன்று பேங்கில் மூன்று கார்டானது. உர மருந்துக் கடையில் கார்டைத் தேய்த்தால் நூற்றுக்கு இரண்டு ரூபாய் பிடித்துக்கொண்டு மிச்சத்தை ரொக்கமாகத் தருவார்கள். ரசீதில் பூச்சிமருந்து என்று இருக்கும். அந்த வருஷம் அவர் தேய்த்த கணக்கைப் பார்த்தால் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு பூச்சி மிஞ்சியிருக்கக் கூடாது. குத்தகை போக மிஞ்சியதில் மகள்கள் இருவருக்கும் காதணி விழா நடந்தது. பத்திரிகையில் தம் பெயருக்குக் கீழே 'ஏலத்தோட்ட அதிபர்' என்று தங்க எழுத்தில் போட்டுக்கொண்டார். வெற்றிலை பாக்கோடு பேங்கு வரைக்கும் போய் ஏஜெண்டுக்கும் ஒன்று வைத்தார்.

அடுத்த வருஷம் காய் விலை பாதிக்கும் கீழே போனது. கொரோனாவில் போடிமெட்டுச் சோதனைச்சாவடியையும் அடைத்துவிட்டார்கள். எடுக்க ஆளில்லாமல் காய் செடியிலேயே பழுத்து உதிர்ந்தது. குத்தகை போயிற்று. ஒரு கார்டை வைத்து இன்னொரு கார்டைக் கட்டினார். மூன்றாவதும் நிரம்பியபோது வித்தை முடிந்தது.

கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. போகாவிட்டால் வழக்கு நடக்காது என்று நம்பினார். அவர் இல்லாமலே அது வெகு வேகமாக நடந்தது. முதல் பேங்குக்கு ஆறு லட்சத்து எண்பதாயிரமும் வட்டியும் என்று ஒருதலையாகத் தீர்ப்பாகி, முந்தல் ரோட்டில் இருந்த அவருடைய இரண்டு அறை வீடு ஜப்தியானது. கோர்ட்டு அமீனா வந்து சுவரில் உத்தரவை ஒட்டினார். தமுக்கடித்து அறிவித்ததாக அவருடைய அறிக்கை சொல்கிறது. அண்டை வீட்டாருக்கு அன்று கேட்டது மிக்சி சத்தம் மட்டும். வில்லங்கச் சான்றில் வீட்டுக்கு நேரே பேங்கின் பெயர் ஏறியது. அடுத்தது ஏலம்தான். ஏலத்தை நம்பி வாழ்ந்தவர் அந்தச் சொல்லைக் கேட்டு வக்கீலைத் தேடி ஓடியது அதுதான் முதல் தடவை.

"மஞ்சக் கடுதாசி குடுத்துரலாம்ணே" என்றார் தங்கபாண்டி, வக்கீல் ராஜாராமிடம். திவால் மனுவுக்கு ஊரில் அப்படித்தான் பெயர். "அதோட எல்லாம் முடிஞ்சுரும்ல?"

"கடன் முடியும். வீட்டைக் கோர்ட்டு போடுற ரிசீவர் எடுத்து வித்துக் கடன்காரங்களுக்குப் பிரிச்சுக் குடுப்பாரு. மொதல்ல ஜப்தியை உடைக்கணும்யா. விவசாயியோ கூலியாளோ குடியிருக்கிற சொந்த வீட்டை ஜப்தி பண்ணக் கூடாதுன்னு சட்டத்துல இருக்கு. அப்படி உடைஞ்சா ரிசீவரும் அதைத் தொட முடியாது. சொல்லு, நீ யாரு?"

"நானா? ஏலத்தோட்ட..."

"வாயை மூடு."

உண்மையில் மூன்று வருஷமாகத் தங்கபாண்டி கூலியாள்தான். தினமும் காலையில் ஜீப்பேறி, மலையில் வேறொருவர் தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போகிறார். ஆனால் உறவுக்காரர் கண்ணுக்காக வெள்ளை வேட்டியில் ஏறி, போடிமெட்டு டீக்கடைக்குப் பின்னால் கைலிக்கு மாறுவார். சாயங்காலம் மறுபடி வேட்டி. தாம் கூலி என்பதை ஊருக்குத் தெரியாமல் காப்பாற்ற இத்தனை பாடுபட்டவர், இப்போது அதை நீதிபதி முன்னால் நிரூபித்தாக வேண்டும். இல்லையென்றால் மனைவி மக்களோடு தெருவுக்கு வர வேண்டும்.

நிரூபிக்கக் காகிதம் இல்லை. தோட்டத்து மலையாளி மேனேஜர் கையை விரித்தார்: "ரெஜிஸ்டர்ல பேரில்லா சேட்டா. பேரெழுதினா பி.எப். கெட்டணும்." தங்கபாண்டி முதலாளி என்பதற்குத் தங்க எழுத்து வரைக்கும் சான்று இருந்தது. கூலி என்பதற்கு ஜீப்பில் உடன் வரும் ஆட்கள்தான் சான்று. அதில் அவரை நன்றாகத் தெரிந்தவள் முத்துப்பேச்சி. குத்தகைத் தோட்டத்தில் அவருக்குக் காயெடுத்தவள். ஆறு வாரச் சம்பளம், பதினாலாயிரத்து நானூறு ரூபாய், இன்னும் வரவேண்டியவள்.

ஜீப்பில் வைத்துத்தான் கேட்டார். ஜீப்பே கேட்டுச் சிரித்தது.

"சம்பளத்தைக் கேட்டா மொதலாளி, வீட்டைக் கேட்டா கூலியாளா?" என்றாள் முத்துப்பேச்சி. "நல்லா இருக்கு மொதலாளி ஒங்க சோலி."

"உன்னைய விட்டா எனக்கு ஆளில்ல ஆத்தா."

அவள் கொண்டைஊசி வளைவில் சரிந்த தூக்குவாளியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். பிறகு, "வர்றேன்" என்றாள். "வீடு போச்சுன்னா நீங்க திருப்பூரு கோயமுத்தூருன்னு ஓடிருவீக. அப்பறம் எங்காசை நான் எவன்ட்டப் போயிக் கேக்க?"

விசாரணையன்று பேங்கு வக்கீல் ஒரு கவரிலிருந்து காதணி விழாப் பத்திரிகையை எடுத்து நீட்டினார். ஏஜெண்டு பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். நீதிபதி அதை முழுவதும் வாசித்தார், தாய்மாமன்மார் பட்டியல் உட்பட.

"இதுல அதிபர்னு போட்டிருக்கே?"

"பத்திரிகைன்னா அப்படித்தாங்கய்யா போடுவாங்க" என்றார் தங்கபாண்டி. அவருடைய ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் வேறு ஏதோ வழக்குக்காகப் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் காதிலும் விழும்படி சொல்ல வேண்டியிருந்தது: "நான் தெனக்கூலிங்கய்யா. மருந்தடிக்கிறேன்."

அடுத்து முத்துப்பேச்சி கூண்டேறினாள்.

"இவர் உங்க முதலாளிதானே?" என்றார் பேங்கு வக்கீல்.

"அப்ப. இப்ப அவரு மருந்தடிக்கிறாரு, நாங் காயெடுக்கிறேன். மருந்துக் காத்து எம்பக்கம் திரும்புச்சுன்னா நல்லா ஏசுவேன்."

"கூலின்னு சாட்சி சொல்ல எவ்வளவு வாங்குனீங்க?"

"வாங்குனனா? சாமி, பதினாலாயிரத்து நானூறு ரூவா எனக்கு அவரு தரணும். நாலு வருசமாச்சு. இன்னிக்குக் கூலியும் போச்சு. மொதலாளியா இருந்திருந்தா குடுத்திருக்க மாட்டாரா?"

கோர்ட்டு சிரித்தது. நீதிபதி சிரிக்காமல் ஒவ்வொரு சொல்லையும் பதிவு செய்தார். கடன் வரவேண்டியவள் கடன்பட்டவனுக்காகப் பொய் சொல்ல மாட்டாள் என்று எடுத்துக்கொண்டார் போலும். மூன்றாம் வாரம் ஜப்தி நீங்கியது. சோலையம்மாள் சுவரிலிருந்த உத்தரவைச் சுரண்டி எடுத்தபோது சுண்ணாம்பும் சேர்ந்து வந்தது.

மற்ற இரண்டு பேங்குகள் வழக்குப் போடுவதற்குள் திவால் மனுவைக் கொடுத்தாக வேண்டும். ராஜாராம் கடன்காரர் பட்டியலை எழுதினார். மூன்று பேங்கு, உர மருந்துக் கடை. பேனாவை நிறுத்தாமல் ஐந்தாவதாக ஒரு பெயரை எழுதினார்.

"அது வேண்டாம்ணே" என்றார் தங்கபாண்டி. "லிஸ்டுல ஏறுனா முத்துப்பேச்சி காசும் போயிருமே."

"வேண்டாம்னா? கோர்ட்டுப் பதிவுலயே சொல்லிட்டாளே, பாக்கி இருக்குன்னு. மறைச்சா மனு நிக்காது. அப்பறம் வீட்டுக்கும் புதுசா கேள்வி வரும்."

"பிள்ளைக காதுத் தோட்டை வித்தாவது முன்னாடியே குடுத்துர்றேன்."

"ஒருத்திக்கு மட்டும் குடுத்தா மத்தவங்க ஆட்சேபிப்பாங்கய்யா. பேசாம இரு."

தங்கபாண்டி கையெழுத்துப் போட்டார்.

மஞ்சக் கடுதாசி என்று பெயர்தான். நோட்டீஸ் வெள்ளைத்தாளில்தான் வந்தது. முத்துப்பேச்சிக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். மறுநாள் காலை அதை ஜீப்புக்குக் கொண்டுவந்து அவரிடமே நீட்டினாள்.

"வெரசா வாசிங்க. எங்காசைப் பத்தித்தானே?"

வாசித்தார். மனுதாரர் பெயர் வந்த இடத்தில் குரல் இறங்கியது. ஜீப்பில் யாரும் சிரிக்கவில்லை.

"அப்ப இல்லைங்கிறீக."

"ஆட்சேபணை இருந்தா பதினெட்டாந் தேதி கோர்ட்டுல வந்து சொல்லலாம்னு போட்டிருக்கு."

"சொன்னாக் காசு வருமா?"

"வராது."

"சொல்லாட்டி?"

"வராது."

"ரெண்டுக்கும் வராதுன்னா எதுக்கு இம்புட்டுப் பெரிய காயிதம்?"

"தெரிவிக்கணுமாம்."

"தெரிஞ்சுக்கிட்டேன்" என்றாள் அவள். காகிதத்தை வாங்கி நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, அவர் பக்கத்து இடத்தை விட்டு இறங்கி, டிரைவரிடம் முன்னால் இடம் இருக்கிறதா என்று கேட்டாள்.