சென்னப்பன் ஊரை நகர்த்தினார்

சாட்சி சொல்ல வா என்று எங்கள் ஊர்ச் சென்னப்பன் அண்ணன் போனில் கூப்பிட்டபோது எனக்குப் பெருமைதான். செம்மறைப்பட்டியைப் பற்றிச் சொல்ல இன்னும் ஓர் ஆள் தேவைப்படுகிறதே. அரூரில் பஸ் ஏறி, தீர்த்தமலை தாண்டி இறங்கி, காட்டோரமாக மூன்று கிலோமீட்டர் நடந்தேன். நாற்பத்தாறு வருஷம் கழித்து அங்கே போகிறேன்.

ஒரு காலத்தில் அது முப்பத்திரண்டு வீட்டு ஊர். மொரப்பூர் வரைக்கும் உள்ள குடியானவர்கள் கோடையில் தங்கள் மாடுகளை எங்களிடம் ஓட்டிவிடுவார்கள். நாங்கள் காட்டில் மேய்த்து, மழை விழுந்ததும் திருப்பிக் கொடுப்போம். ஆயிரம் மாட்டுக்குக் குறையாது. பிறகு காட்டில் மேய்ச்சலை நிறுத்தினார்கள், உழவுக்கு டிராக்டர் வந்தது, ஜனம் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போய்விட்டது. என் அப்பா எல்லாருக்கும் முந்திக்கொண்டவர். எனக்குப் பன்னிரண்டு வயதிலேயே மாட்டை விற்றுவிட்டு அரூரில் அரிசி மில் வேலைக்குப் போனார். இன்று அங்கே மிச்சம் அண்ணன், அவர் மனைவி கோவிந்தம்மாள், நான்கு மாடு. மகள் ஓசூருக்குக் கூப்பிட்டும் மனிதர் அசையவில்லை. அறுபத்தெட்டு வயதில் அப்படி ஒரு வீம்பு.

இப்போது அந்த வீட்டுக்கே வம்பு வந்துவிட்டது. வீடு காட்டு நிலத்தில் இருக்கிறது, காலி செய் என்று நோட்டீஸ். பழைய ஊர் நத்தத்தில், அதாவது குடியிருக்க ஒதுக்கிய இடத்தில், வீடு இருப்பதாகக் காட்டினால் பட்டா கிடைக்கும். நத்தத்தின் எல்லைக்கல் ஒன்றையும் காணோம். ஊரில் பிறந்தவர்கள் இடத்தைக் காட்டட்டும் என்று சர்வேயர் சுகுணா சொல்லியிருந்தார்.

ஓடைக்கரையிலேயே அண்ணனும் சுகுணாவும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். நான் யோசிக்கவே இல்லை. எதிர்க்கரைப் புளியமரத்தைக் காட்டினேன்.

“அதாங்க ஊரு. நான் பொறந்த எடம்ங்க.”

சுகுணா டேப் பிடித்து அளந்தார். பழைய வரைபடத்தோடு பொருந்தியது. தாளை நீட்டினார், கையெழுத்துப் போட்டேன். அப்புறம்தான் அண்ணன் வீடு எங்கே என்று கேட்கத் தோன்றியது. அண்ணனே கைகாட்டினார். ஓடைக்கு இந்தப் பக்கம், நானூறு அடி தள்ளி.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஊர் அங்கே, வீடு இங்கே. என் ஞாபகம் தப்பா, இல்லை அண்ணன்தான் ஏதாவது மறைத்தாரா?

“நீங்க போன மறுவருசம் கோமாரி வந்துச்சு அர்ச்சுனா. பட்டியில சீக்கு பூந்தா அந்த எடம் ஆவாதில்ல? மாட்டை இந்தப் பக்கம் கொண்டாந்து கட்டுனோம். பின்னாலயே முப்பது வூடும் வந்துச்சு” என்றார் அண்ணன்.

மாடு கட்டிய இடம்தான் எங்களுக்கு ஊர். அது எப்படி எனக்கு மறந்தது? அரசாங்கத்துக்கு அதை யாரும் எழுதிக் கொடுக்கவுமில்லை.

“அதைக் கிழிச்சிடுங்கம்மா, தெரியாம போட்டுட்டேன்” என்று சுகுணாவிடம் கெஞ்சினேன்.

அண்ணன் என் கையைப் பிடித்தார். “நீ பொய்யா சொன்ன? உடு.”

நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

சுகுணாவுக்கும் சங்கடம்தான். “நத்தத்துல குடியிருக்கறவங்களுக்குத்தாங்க நான் எழுத முடியும். புதன்கிழமை திரும்ப வருவேன்” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். கிழமையை எதற்குச் சொல்கிறார் என்று எனக்குப் பிடிபடவில்லை. அண்ணனுக்குப் பிடிபட்டுவிட்டது: புதனுக்குள் நத்தத்தில் குடியேறிவிட வேண்டும். நேராக வீட்டுக்குப் போய் மாடுகளை அவிழ்த்தார், நான்கு முளைக்குச்சிகளையும் பிடுங்கினார், ஓடையைத் தாண்டி ஓட்டினார். நாற்பத்தைந்து வருஷம் இருந்த வீட்டை இப்படியா விடுவது, ஒரு சண்டைகூடப் போடாமல்? எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. முளைக்குச்சிகளைச் சுமந்துகொண்டு பின்னால் போனேன்.

கோவிந்தம்மாள் அண்ணி பாத்திரக் கூடையோடு வந்தார். அவர் கல்யாணமாகி வந்ததே ஊர் நகர்ந்த பிறகு. இந்தக் கரை அவருக்குப் புதிது.

“உங்க வூடு இங்கதான தம்பி இருந்துச்சு? அடுப்பு எந்தப் பக்கம்னு காட்டுங்க. அங்கயே கூட்டிக்கறேன்.”

புளியமரத்தை இரண்டு முறை சுற்றி வந்தேன். எல்லாப் பக்கமும் முள்ளும் புல்லுமாக ஒன்றுபோலவே இருந்தது. அண்ணி கூடையை இறக்காமல் காத்திருந்தார். கடைசியில் ஏதோ ஒரு பக்கம் கையைக் காட்டினேன். அவர் அங்கே போய் மூன்று கல்லை வைத்தார்.