முதுகில் பட்ட எல்லேப் பந்து

தொண்ணூறுகளில், ஜெர்மனியின் பான் நகரில் நான் சேரத் துடித்த பேஸ்போல் அணியில் ஓர் அமெரிக்கர் இருந்தார். சம்பளத்துக்குப் பல அணிகளில் ஆடியவர். தனக்கென்று ஓர் இடமில்லாமல், ஆள் குறைகிற எந்த இடத்திலும் நிற்பவர். என்னைச் சேர்ப்பதா என்று பார்க்கும் ஆட்டத்தில் அவர் ஓடிவர, இலங்கையில், ஊரில் மட்டையும் பந்துமாய் எல்லே ஆடிய பழக்கத்தில் பந்தை அவர் முதுகுக்கே எறிந்தேன். எல்லேயில் பந்து பட்டால் ஆள் அவுட்.

“டேய், இஞ்ச ஆளுக்கு எறிய ஏலாது!” என்று பார்க்க வந்திருந்த என் அறைத்தோழர் அண்ணை தலையிலடித்துக்கொண்டார்.

அணித் தலைவர் என்னைப் போகச் சொன்னார். முதுகைத் தடவியபடி வந்த அமெரிக்கரோ, அது என்ன ஆட்டம், யார் யார் எங்கே நிற்பார்கள் என்று துருவித் துருவிக் கேட்டார். பிறகு தலைவரிடம், “இவன் இருக்கட்டும். இவன் ஆட்டத்தில் நான் நிற்காத இடமும் இருக்கிறதாமே!” என்றார்.